மூன்றாவது பிரதி

கல்யாணம் ஒருமுறைதான் நடக்கிறது.
நடந்ததற்கு மூன்று பிரதி வேண்டும்
என்பது என் தொழில் பயம்.

ஒன்று கேமராவின் கார்டில்.
ஒன்று ஹார்ட் டிஸ்க்கில்; அது
என் மாற்றுச் சட்டைக்குள்,
ஷூ டப்பாக்களில் செபஸ்தியான் பொறுக்கி வைத்த
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு தூங்கும்.
மூன்றாவது,
நாங்கள் இருக்கும் ஊரில் இருக்கக் கூடாது.

பூம்பாறையில் அந்த மூன்றாவதுதான் சிக்கல்.
சிக்னல் ஒற்றைக் கோடு.
அதுவும் பூண்டு மூட்டை அடுக்கிய ஷெட்டின்
மேற்கு மூலையில், கையைத் தூக்கினால்.
இரண்டு படம் ஏறுவதற்குள் தோள் மரத்துவிடும்.
"மேகத்துக்குள்ளேயே நிக்கிறீங்க,
இன்னும் எங்க ஏத்தணும் தம்பி?"
என்றார் மண்டபத்து வாட்ச்மேன்.
வருகிற போட்டோக்காரர்கள் எல்லோரிடமும் சொல்வார் போல,
சிரிப்புக்கு இடம் விட்டு நிறுத்தினார்.

ஆகவே பஸ்.
முதல் பந்தி ஓடும்போதே
பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில்
லேப்டாப்பை மடியில் வைத்து நகலெடுத்தோம்.
கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.
நாற்பத்தொரு சதவீதத்தில் முரண்டுபிடித்த கோடு
ரசம் வரும்போது மனசு மாறி நகர்ந்தது.

பதினொன்றரை வண்டிக் கண்டக்டர் முத்துக்காளையிடம்
மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை உறை.
உள்ளே பென் டிரைவ்.
அதனுள்ளே 1,846 படங்கள்.
"வத்தலக்குண்டு ஸ்டாண்டுல என் மச்சான் வாங்கிக்குவான்,
பாக்கியநாதன்னு பேரு."
தோல்பையில் போட்டுக்கொண்டார்.
பத்து ரூபாய்த் தாள்களுக்கு நடுவே
ஒரு தாலிகட்டு மலையிறங்கியது.

மூன்று மணிக்குக் கல்யாணப்பெண் கூப்பிட்டாள்.
யோகப்பிரியா.
பாதி கலைந்த மேக்கப், சாப்பிடாத குரல்.
"அண்ணா, காலையில நலங்கு வச்சப்ப எடுத்ததக் காட்டுங்க."
தள்ளித் தள்ளிப் போனாள்.
ஒன்றில் நின்றாள்.

யாரோ ஓர் அத்தை அவள் கன்னத்தில் சந்தனம் பூசுகிறாள்.
பின்னால், வாசலுக்கு வெளியே,
சாரலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன்.
என் ஃபோகஸ் சந்தனத்தில் இருந்தது.
அவளுடையது வேறெங்கோ.

"இத அழிச்சிடுங்க."
உறுதியா என்று கேமரா கேட்டது.
அவளிடமே நீட்டினேன். அழுத்தினாள்.
"போயிருச்சுல்ல?"
"போயிருச்சும்மா."
செபஸ்தியான் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.
சுருட்டிய வயரையே திரும்பவும்.

ராத்திரி கொடைக்கானல் லாட்ஜில்
டிஸ்க்கைத் திறந்தேன். படம் 0412.
இருபது வருஷமாக எதுவும் தொலையக் கூடாதென்றே பயந்தவன்.
தொலைத்துத் தரச் சொல்லி
ஒருவரும் கேட்டதில்லை, கூலியும் நிர்ணயமில்லை.
அழித்தேன்.

கார்டை அப்படி நம்ப முடியாது.
அழிந்ததை ஐந்நூறு ரூபாய்க்கு மீட்டுத் தருவதாக
என் கடை வாசலில் நான்தான் போர்டு வைத்திருக்கிறேன்.
பழைய இடத்தின்மேல் புதிதாக எதையாவது எழுதினால்தான்
அது நிஜமாகவே போகும்.

ஜன்னலைத் திறந்தேன்.
வெளியே பனி, தெருவிளக்கு கரைந்த பனி.
ஒன்று எடுத்தேன். இன்னொன்று.
ஒரே இடம், ஒரே வெளிச்சம், கை மட்டும் நடுங்கியது.
"என்னண்ணா எடுக்குறீங்க?" என்றான் செபஸ்தியான்
கம்பளிக்குள்ளிருந்து.
"தூங்குடா."
இருநூற்றுப் பதினேழாவதில்
கார்டு நிறைந்துவிட்டதென்று கேமரா சொன்னது.

காலையில் பாக்கியநாதன் போன் செய்தான்.
"எல்லாம் திறக்குது மாப்ளே. எண்ணிப் பாத்துட்டேன்,
ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு. சரியா?"

கீழே வத்தலக்குண்டில் வெயில் அடிக்கும்.
அவன் குரலிலேயே தெரிந்தது.

"ஒண்ணு அதிகமா இருக்கு," என்றேன்.
"நான் வர்ற வரைக்கும் தொடாத."